மண்தடத்து இளவீரர்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாக அமைந்திருக்கும் பழைய துறைமுக ஊர் குலசேகரன்பட்டினம். முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. கிழக்கே நீலக்கடல், மேற்கே பனங்காடு, அதற்கும் அப்பால் குதிரைமொழித் தேரி எனப்படும் செம்மணற் பரப்பு. தேரியில் நடந்தவர் அம்மணலின் இயல்பை நன்கு அறிவர். எடுத்து வைத்த கால் புதையும். ஊன்றித் தள்ளினால் பின்னோக்கிச் சறுக்கும். அங்கே பதறி ஓடுகிறவன் சிறிது தொலைவிலேயே களைத்து நிற்பான். மணலின் போக்கை அறிந்து, அடியை அளந்து வைப்பவனே அக்கரை சேர்வான்.

தேரியை அடுத்த ஊர்களில் பனையேறுதல் வழிவழியாக வந்த தொழில். உடன்குடிக் கருப்பட்டியின் சுவையைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அச்சுவைக்குப் பின்னால் பனையேறியின் உழைப்பும் துணிவும் இருக்கின்றன. ஆயினும், தொழில் பழக வந்தவனை எந்தப் பனையேறியும் முதல்நாளே நெடும்பனையில் ஏற்றிவிடுவதில்லை. குட்டைப் பனையில் தளைநார் பூட்டிக் காலைப் பழக்குவான். பிடிக்கும் முறையைக் காட்டுவான். ஏறுவதற்கு முன் இறங்கக் கற்பிப்பான். உயரம் பின்னர்த் தானே வரும்.

இவ்வுண்மை பனைமரத்திற்கு மட்டும் உரியதன்று. உலகின் கடுமையான விளையாட்டுகளுள் ஒன்றாகிய மோட்டோகிராஸ் என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்கும் இதுவே அடிப்படை. அவ்விளையாட்டில் இளையோரை எவ்வாறு பழக்குகின்றனர் என்பதையும், அதையே தொழிலாகக் கொள்ள விரும்புவோர் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் இப்பாடம் கூறுகிறது.

மோட்டோகிராஸ் பந்தயம் தார்ச்சாலையில் நடைபெறுவதன்று. மேடும் பள்ளமும், மணலும் சேறும், கூரிய வளைவுகளும் நிறைந்த மண்தடத்தில் நடைபெறுவது. இங்கிலாந்தில் சரே மாவட்டத்துக் கேம்பர்லி என்னும் ஊரில் 1924-இல் நடந்த போட்டியே இதன் தோற்றுவாய் என்பர். பின்னர் இது பெல்ஜியம், பிரான்சு முதலிய நாடுகளுக்குப் பரவிற்று. 1957-இல் உலகச் சாம்பியன் பட்டத்திற்குரிய போட்டியாக உயர்ந்தது. இன்று உலகப் போட்டியில் ஒவ்வோர் ஓட்டமும் 30 நிமிடங்களும் அதன்மேல் இரண்டு சுற்றுகளும் நீடிக்கும். அத்தகைய ஓட்டங்கள் ஒரே நாளில் இரண்டு உண்டு. அவ்வளவு நேரமும் வீரர் பெரும்பாலும் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதியில் நின்றவாறே ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ள வண்டியை ஆள்கிறார். வண்டி மேட்டிலிருந்து தாவி வானில் பறக்கும். மீண்டும் மண்ணில் விழும். அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே அதன் சக்கரங்கள் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மேலும் கீழும் இயங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. வண்டியின் வில் தாங்காத அதிர்ச்சியை வீரரின் முழங்காலும் முழங்கையும் தாங்க வேண்டும்.

இவ்விளையாட்டிற்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் ஓர் இணைப்பு உண்டு. மகேந்திரகிரி மலையின் அடிவாரத்திலுள்ள திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிப் பெரும்புகழ் ஈட்டிய அவர் பெயரால் வளர்ந்த தொழிற்குழுமத்திலிருந்து, 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையில் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி பிறந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், அதாவது 1982-இல், அந்நிறுவனம் தனக்கென ஒரு பந்தயக் குழுவை அமைத்தது. இந்தியாவில் தொழிற்சாலையொன்று தானே நடத்திய முதற் பந்தயக் குழு அதுவேயாகும். சென்னையிலோ 1953-இலேயே மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிவிட்டது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்கள் பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு இடம்பெயர்ந்தன. நாட்டின் மோட்டார் விளையாட்டுகளை நெறிப்படுத்தும் கூட்டமைப்பு 1971-இல் நிறுவப்பட்டது. அதன் தலைமையிடமும் சென்னையே. போட்டியில் கலந்துகொள்ள விரும்புவோர் அக்கூட்டமைப்பின் உரிமம் பெறுதல் வேண்டும்.

இனி, ஓர் இளைஞன் வீரனாக உருவாகும் வழியைக் காண்போம்.

முதற்படி, உடலுக்கேற்ற வண்டியைத் தேர்தல். வளரும் பிள்ளைக்குப் பெரிய வண்டியை வாங்கிக் கொடுத்தால் விரைவில் தேர்ச்சி பெறுவான் என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. நிற்கும்போது பாதம் தரையைத் தொடவேண்டும். விழுந்த வண்டியைத் தானே நிமிர்த்தும் ஆற்றல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவன் வண்டியை ஆள்வதில்லை. வண்டிதான் அவனை இழுத்துச் செல்கிறது. அதனாலேயே இளையோர்க்கான உலகப் போட்டியில் 65, 85, 125 சி.சி. என மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதற்படி வண்டி ஏறக்குறைய 60 கிலோதான் இருக்கும். வயதும் வளர்ச்சியும் கூடக் கூடப் பிள்ளை அடுத்த படிக்கு ஏறுகிறான்.

இரண்டாவது, நிறுத்தக் கற்றல். நல்ல பயிற்சியாளர் முதல் நாட்களில் வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். சமதரையில் வண்டியை மெல்ல நகர்த்தவும், முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் அளவறிந்து பிடிக்கவும், குறித்த கோட்டில் நிறுத்தவும் பழக்குவார். முன்பிரேக்கு ஆற்றல் மிக்கது. அதனைத் திடீரென இறுக்கினால் முன்சக்கரம் சறுக்கி ஆளைக் கீழே தள்ளும். படிப்படியாக அழுத்தினால் வண்டி பணிந்து நிற்கும். இந்த வேறுபாட்டை விரல் தானே உணரும் வரையில் பயிற்சி தொடரும்.

மூன்றாவது, நிற்கும் நிலை. கால்மிதியில் நின்று, முழங்கால்களைச் சற்று மடக்கி, அவற்றால் வண்டியின் இருபுறமும் இறுகப் பற்ற வேண்டும். முழங்கைகள் உயர்ந்திருக்க வேண்டும்; கண் முன்சக்கரத்தை நோக்காமல் அடுத்த வளைவை நோக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் கால்களால் பற்றுவதை மறந்து, கைப்பிடியையே இறுகப் பிடித்துத் தொங்குவர். அப்போது முன்கைத் தசைகள் கல்லைப் போல் இறுகிப்போகும். சில நிமிடங்களில் பிரேக்கைப் பிடிக்கவும் விரலுக்கு வலிமை இராது. ஆகவே, கைப்பிடியை மென்மையாகப் பற்றுதல் இவ்விளையாட்டின் முதன்மையான பாடங்களுள் ஒன்று.

அதன்பின் வளைவு, தாவல், மணல் என்பன ஒவ்வொன்றாக வரும். வளைவில் உட்புறக் காலை முன்னோக்கி நீட்டி, வெளிப்புறக் கால்மிதியில் எடையை ஊன்ற வேண்டும். தாவும்போது விசையைச் சீராக வைத்திருக்க வேண்டும். மேட்டின் விளிம்பில் அஞ்சி விசையைக் குறைத்தால் முன்சக்கரம் கவிழ்ந்துவிடும். ஆயின், அம்மேட்டைத் தாண்டித் தரைக்கு வரும் இடத்தை முன்னரே நடந்து பார்த்தவனே அவ்வாறு துணியலாம். பந்தயத்திற்கு முன் தடத்தை நடந்து அளப்பது சிறந்த வீரர்களின் வழக்கம்.

மணலில் ஓட்டுவது யாவற்றினும் கடினம். உடலின் எடையைப் பின்தள்ளி முன்சக்கரத்தைப் புதையவிடாமல் காத்து, விசையை அறாமல் கொடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மணல் புதிதாகக் குழிந்து தடம் மாறிவிடும். பெல்ஜிய நாட்டு லோம்மல் என்னும் ஊரின் மணல்தடம் இதற்குப் பெயர் பெற்றது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் அங்குச் சென்று பழகுகின்றனர். அந்நாட்டின் ஸ்டீபன் எவர்ட்ஸ் 1991-இல், தமது 18-ஆம் வயதில் முதன்முறையாக உலகச் சாம்பியன் ஆனார். 2006-இல் ஓய்வு பெறும்போது பத்து உலகப் பட்டங்கள் அவரிடம் இருந்தன. அவர் தந்தை ஹாரி எவர்ட்ஸும் நான்கு முறை உலகச் சாம்பியனாக விளங்கியவர். வியப்புக்குரியது யாதெனில், எவர்ட்ஸின் ஓட்டத்தைக் கண்டவர்க்கு அவர் விரைவதாகவே தோன்றாது என்பதே. அத்துணை நிதானமும் ஒழுங்கும் அவர் ஓட்டத்தில் இருந்தன. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு அவர் வாழ்வே சான்று.

வண்டிப் பயிற்சி பாதியெனில் உடற்பயிற்சி மறுபாதி. பந்தயத்தின்போது வீரரின் இதயம் தன் உச்ச அளவை ஒட்டியே தொடர்ந்து துடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எனவே ஓட்டம், நீச்சல், மிதிவண்டிப் பயிற்சி ஆகியன நாள்தோறும் வேண்டும். வயிற்றுத் தசைகளும் முதுகும் வலுப்பெற வேண்டும். தூக்கத்தைக் குறைப்பவன் தன் கவனத்தையே குறைத்துக்கொள்கிறான். தலைக்கவசம், கண்ணாடி, கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், முழங்கால் காப்பு, உயர்ந்த காலணி ஆகிய ஆறும் இல்லாமல் தடத்தில் இறங்குதல் கூடாது. தலையில் அடிபட்டவன், வலி தெரியவில்லையென்றாலும், மருத்துவர் ஒப்புதல் தரும் வரையில் வண்டியில் ஏறலாகாது. இவ்விதி வீரத்திற்கு இழுக்கன்று, வீரத்தின் இலக்கணம்.

இவ்வாறு படிப்படியாக உயர்ந்தவர்கள் நம் நாட்டிலும் உள்ளனர். பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் மண்தடப் பந்தயங்களில் பன்முறை தேசியச் சாம்பியனாக விளங்கியவர். அவர் 2015-இல் தக்கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு, அதனை முடித்த முதல் இந்தியர் என்னும் புகழ் பெற்றார். தக்கார்ப் பந்தயம் உலகின் நெடும்பந்தயங்களுள் தலையாயது. 1978-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசிலிருந்து ஆப்பிரிக்காவின் தக்கார் நகரை நோக்கித் தொடங்கிய அது, 2009 முதல் தென்னமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் நடைபெற்று வருகிறது. சந்தோஷ் சென்ற ஆண்டில் அதன் தொலைவு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். பாலையும் மலையும் கடந்து, 36-ஆம் இடத்தில் அவர் முடித்தார். தாம் கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், கோலாரில் மண்தடப் பயிற்சிக் களம் ஒன்றையும் அவர் நிறுவினார்.

கேரளத்துச் சொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா மண்தடப் பந்தயத்தில் ஐந்து முறை தேசியச் சாம்பியன். ஓசூர் நிறுவனமும் பிரான்சு நாட்டுச் செர்க்கோ நிறுவனமும் இணைந்து அமைத்த குழுவில் அவர் தக்கார் சென்றார். 2021-இல் 20-ஆம் இடம். 2024-இல் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும் தம் பிரிவில் முதலிடமும் பெற்றார். தக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவரே. ஆயினும் 2025-இல், தொடக்கச் சுற்றிலேயே மணிக்கட்டு முறிந்து அவர் விலக நேர்ந்தது. முந்திய ஆண்டின் வெற்றி அடுத்த ஆண்டுக்குக் காப்பாவதில்லை.

இவ்விளையாட்டு ஆடவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் தவறு. பெங்களூரைச் சேர்ந்த ஐசுவர்யா பிஸ்ஸே 2018-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து வயிற்றில் கடுங்காயமுற்றார். உடல் தேறி மீண்டும் பழகி, அடுத்த ஆண்டே பாலைநிலப் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றார்.

வெற்றிகளைக் கூறுமளவிற்கு இழப்புகளையும் கூறுதல் முறை. 2021 சனவரியில் சவூதி அரேபியப் பாலையில் சந்தோஷ் விழுந்து, தலையில் அடிபட்டுப் பல நாள் மயக்க நிலையில் வைக்கப்பட்டார். நல்வினையாக அவர் பிழைத்தெழுந்தார். ஆனால் 2023 ஆகஸ்டில், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், 13 வயதுச் சிறுவன் ஒருவன் போட்டியின்போது விழுந்து உயிர் நீத்தான். அது மண்தடமன்று, தார்த்தடம். அவன் திறமையில் குறைந்தவனும் அல்லன். தலைக்கவசம் அணியாதவனும் அல்லன். அன்றைய எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. நாடெங்கும் பலர் ஒரு கேள்வியை எழுப்பினர்: எத்தனை வயதில், எவ்வளவு ஆற்றலுள்ள வண்டியில், எத்தனை பேர் நடுவே ஒரு பிள்ளையை ஓடவிடலாம்? இக்கேள்விக்கு எளிதில் விடை கூற இயலாது. இளமையில் தொடங்காதவர் உலக மேடையில் முன்னணிக்கு வருதல் அரிது என்பதும் உண்மை. தனக்கு நேரக்கூடிய தீங்கைச் சிறுவன் முழுதும் அளந்தறியான் என்பதும் உண்மை. அவனுக்காக அதனை அளந்தறிய வேண்டியவர் பெரியோரே. ஆகையால் பிள்ளை 'இன்னும் விரைவாக' என்று கேட்கும்போது, 'இன்னும் சிறிது காலம் பொறு' என்று சொல்லும் துணிவு பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் இருத்தல் வேண்டும். தடத்தில் விரைபவனுக்கு வேண்டிய துணிவினும் இது சிறியதன்று.

தடத்திற்கு வெளியே இவ்விளையாட்டிற்கு இடமே இல்லை. பொதுச்சாலையில் கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழி செய்கிறது. ஓட்டியவர்க்கோ 25 வயது வரையில் உரிமம் கிடைக்காது. சாலையில் வேகம் காட்டுபவன் வீரனாக வளர்வதில்லை. தடத்தில் மருத்துவரும் ஆம்புலன்சும் கொடி காட்டுவோரும் உள்ளனர். எதிரே பேருந்து வருவதில்லை. சாலையிலோ அவனோடு, ஒரு குற்றமும் அறியாத வழிப்போக்கரும் மாள நேரும்.

இனி, இதனைத் தொழிலாகக் கொள்வது பற்றி எண்ணுதல் வேண்டும். பந்தய வண்டியின் விலை மிகுதி. சக்கரம், எண்ணெய், உதிரிப்பகுதி, பயணம் என்று செலவு தொடர்ந்து வரும். எனவே ஒரு நிறுவனக் குழுவில் இடம் பெறுபவர்க்கே இது வாழ்வு தரும் தொழிலாகிறது. அவ்விடங்களோ மிகச் சில. குழுவினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியின் குறையைத் தெளிவாக எடுத்துரைக்கின்றாரா, பொறியாளரோடு இணங்கி உழைக்கின்றாரா, பல நாடுகளிலும் மொழியறிந்து பழகுகின்றாரா, தோல்வியில் நிலை குலையாதிருக்கின்றாரா என்பனவற்றையும் நோக்குகின்றனர். இவையெல்லாம் தடத்தில் மட்டும் கற்பனவல்ல, பள்ளியிலும் கற்பன. இயற்பியல் அறிந்தவனுக்கு வண்டி ஏன் சறுக்கியது என்று விளங்கும். உடலியல் அறிந்தவன் தன் களைப்பின் காரணத்தை உணர்வான். மேலும், வீரனாக இடம் கிட்டாதவர்க்கும் வழி அடைபடுவதில்லை. வண்டி பழுது பார்ப்போர், புது வண்டியைச் சோதித்து ஓட்டுவோர், வடிவமைக்கும் பொறியாளர், பயிற்சியாளர், விளையாட்டு மருத்துவர் என இத்துறையைச் சுற்றிப் பல தொழில்கள் உண்டு. கல்வியைக் கைவிட்டவன் ஒரு காயத்தால் எல்லாவற்றையும் இழப்பான். கல்வியைக் காத்தவன் ஒரு கதவு அடைபட்டாலும் வேறொரு கதவைத் திறப்பான்.

குலசேகரன்பட்டினத்துத் தேரிக்கு மாலைவெயில் மேலும் செந்நிறம் ஊட்டும் வேளையில், பனையேறி தன் கடைசிப் பனையிலிருந்து இறங்குகிறான். ஏறும்போது அவன் பார்வை பாளையில் இருந்தது. இறங்கும்போது ஒவ்வொரு பிடியிலும் இருக்கிறது. கால் மண்ணில் பட்ட பின்னரே அன்றைய தொழில் முடிந்ததென்று அவன் எண்ணுகிறான். நாளையும் அவன் ஏறவேண்டும் அல்லவா? மண்தடத்தில் விரையும் இளவீரனும் இதனை மறவாதிருப்பானாக. ஒருநாள் முந்திச் செல்வது எளிது. நாள்தோறும் நலமாகத் திரும்பி வந்து, ஆண்டுதோறும் வளர்வதே அரிது. அவ்வாறு வளர்பவனே வீரன் எனப்படுவான்.

பயிற்சி

1. தேரியில் நடப்பவனும் பனையேறியும் இளவீரனுக்குக் கற்பிக்கும் பாடங்கள் யாவை?
2. வளரும் பிள்ளைக்குப் பெரிய வண்டியைக் கொடுத்தல் ஏன் பிழையாகும்?
3. வண்டியை மணலில் செலுத்தும் முறையை விளக்குக.
4. சி. எஸ். சந்தோஷ், ஹரித் நோவா, ஐசுவர்யா பிஸ்ஸே ஆகியோரின் வெற்றிகளையும் அவர்கள் உற்ற இடர்களையும் ஒப்பிட்டு எழுதுக.
5. 'இன்னும் சிறிது காலம் பொறு' என்று கூறுவதற்கும் துணிவு வேண்டும் என்று ஆசிரியர் கூறுவதன் காரணம் யாது?
6. உங்கள் ஊரில் வழிவழியாகக் கற்பிக்கப்படும் ஒரு தொழிலில் புதியவரை எவ்வாறு பழக்குகின்றனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.